சிபிஆர் கட்டுரைல மயக்க டாக்டர் பேரே இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர் மருத்துவப் பக்கத்துல வந்த சிபிஆர் (இதயமும் மூச்சும் நின்னவங்களுக்கு நெஞ்ச அமுக்கி, மூச்சு ஊதிக் குடுக்குற முதலுதவி) கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எல்லாமே இதய டாக்டருங்க கண்டுபிடிச்ச மாதிரி எழுதியிருந்தது சரியா படல. நெஞ்ச அமுக்குற முறைய 1960ல அமெரிக்காவோட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில கூவென்ஹோவன் குழு வெளியிட்டுச்சு (அவரு டாக்டரே இல்ல, எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்!). அதுக்கு முன்னாடியே மூச்சு குடுக்குற பாதிய நிரூபிச்சவரு பீட்டர் சஃபார், 1924ல வியன்னால பொறந்து அமெரிக்கா போன மயக்க டாக்டர் (ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்குறவரு).

அந்தக் காலத்துல மூச்சு நின்னவங்கள குப்புறப் போட்டு முதுக அமுக்கி கைய தூக்கி விடுவாங்க, அதுதான் முதலுதவின்னு சொல்லிக் குடுத்தாங்க. சஃபார் பால்டிமோர்ல என்ன பண்ணாருன்னா, தானா முன்வந்தவங்களுக்கு மயக்கம் குடுத்து, தசைய செயலிழக்க வைக்கிற மருந்தும் போட்டு, மூச்சு நின்னதும் சாதாரண ஆளுங்கள விட்டு வாயோட வாய் வச்சு ஊத சொன்னாரு. இன்னைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் ஒத்துக்காது. பழைய முறைல காத்து சரியா உள்ளயே போகல, ஊதினப்ப போச்சு. நாம வெளிய விடுற மூச்சுல சுமார் 16 சதவீதம் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கு, அதுவே போதும்னு ஜேம்ஸ் எலாம்னு இன்னொரு மயக்க டாக்டர் ஏற்கனவே காட்டியிருந்தாரு. தலைய பின்னால சாய்ச்சு தாடைய தூக்கினாதான் தொண்டை திறக்கும், தினமும் ஆபரேஷன் தியேட்டர்ல மயங்கிக் கிடக்கிறவங்க தாடைய புடிச்சுக்கிட்டு நிக்கிறவருக்குத்தானே இதெல்லாம் கண்ல படும். நீங்க போட்ட படத்துல தலைக்கு தலகாணி வச்சிருக்கு, தயவுசெஞ்சு திருத்தம் போடுங்க.

1961ல சஃபார் பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டி போய் மயக்கவியல் துறைய ஆரம்பிச்சாரு. 1966ல அவரோட சின்ன வயசுப் பொண்ணு ஆஸ்துமாவுல இறந்துட்டா. அப்பல்லாம் அந்த ஊர்ல நோயாளிய ஏத்திக்கிட்டுப் போனது போலீஸ் வேன், பின்னாடி உக்காந்து கவனிக்க யாரும் கிடையாது. மறு வருஷமே அந்த ஊரோட ஹில் டிஸ்ட்ரிக்ட்ங்கிற பகுதில வேலை கிடைக்காம இருந்த கறுப்பின இளைஞர்களுக்கு மாசக்கணக்கா ட்ரெயினிங் குடுக்க ஆரம்பிச்சு, அப்புறம் ஃப்ரீடம் ஹவுஸ்ங்கிற ஆம்புலன்ஸ் சர்வீஸ்ல ஏத்தினாரு, வண்டிக்குள்ளயே சிகிச்சை பண்ற பாராமெடிக்குங்க அமெரிக்காவுல அனேகமா அவங்கதான் முதல்ல. இவ்ளோ நல்லா ஓடினத 1975ல நகர நிர்வாகம் மூடிட்டு சொந்தமா ஒண்ணு ஆரம்பிச்சுச்சு, பழைய ஆளுங்கள்ல பல பேர் ஒதுக்கப்பட்டாங்க. இதையெல்லாம் ஞாயிறு மலர்ல ஒரு முழுப் பக்கமா போடலாமே சார், அதுலயாவது மயக்க டாக்டர்னு தலைப்புலயே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்