நம் படைக்கு வராத எஃப்-104

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விடைபெற்றதையொட்டித் தாங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். அடுத்த இதழில் வாசகர் ஒருவர், நடக்காததை நடந்ததுபோல் காட்டும் சிறிய பிளாஸ்டிக் மாதிரி விமானங்களைக் கண்டித்து எழுதியிருந்தார். பாகிஸ்தான் வைத்திருந்த எஃப்-104 என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் மீது இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தை ஒட்டுவது வரலாற்றைத் திரிக்கும் வேலை என்பது அவர் வாதம். அப்படிப்பட்ட எஃப்-104 ஒன்றை நான்கு மாதம் உட்கார்ந்து செய்து முடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

‘இப்படி நடந்திருந்தால்’ என்ற கேள்வியோடு மாதிரி விமானம் செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம். கனடா அரசு 1959 பிப்ரவரி 20 அன்று ஆரோ போர் விமானத் திட்டத்தை ரத்து செய்தது. பறந்துகொண்டிருந்த விமானங்களையே வெட்டிப் போட்டார்கள். இன்றும் கனடாக்காரர்கள் அதைத் தங்கள் படைப்பிரிவுச் சின்னங்களோடு செய்து பார்க்கிறார்கள். பிரிட்டனில் டி.எஸ்.ஆர்.-2 குண்டுவீச்சு விமானத்துக்கும் இதே கதை. 1964இல் முதன்முதலாகப் பறந்தது, 1965 ஏப்ரலில் கைவிடப்பட்டது. இழப்பை மறக்க முடியாதவர்கள் செய்யும் காரியம் இது.

என் எஃப்-104 கற்பனைதான். ஆனால் ஆதாரமில்லாத கற்பனை அன்று. பாகிஸ்தானுக்கு 1961 முதல் அமெரிக்கா பன்னிரண்டு எஃப்-104 கொடுத்தது. சீனாவுடன் போர் முடிந்த பின், 1964 மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி.சவான் வாஷிங்டன் சென்றபோது நாமும் அதே விமானத்தைக் கேட்டோம். கிடைக்கவில்லை. அவர் அங்கே இருந்தபோதுதான் நேரு மறைந்தார். ஏற்கெனவே வரத் தொடங்கியிருந்த மிக்-21 நம் படையின் முதுகெலும்பானது. தங்கள் சிறப்புப் பக்கங்களில் சவானின் இந்தப் பயணம் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாதிரி செய்யப் போனதால்தான் எனக்கே இது தெரிய வந்தது.

வேலையில் இறங்கிய பிறகு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 72இல் ஒரு பங்கு அளவில் எஃப்-104இன் நீளம் 23 சென்டிமீட்டர். இறக்கையோ உடலிலிருந்து ஒரு பக்கம் மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நிஜ விமானத்தின் இறக்கை முன்விளிம்பு கத்திபோல் மெல்லியது. தரையில் நிற்கும்போது ஊழியர்களுக்குக் காயம் படாமலிருக்க உறை மாட்டி வைப்பார்கள். பிளாஸ்டிக்கில் அந்த மெலிவு வராது என்பதால் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். இணைப்புகளில் பட்டி பார்த்து, மறுபடியும் தேய்த்து, பளபளப்பான கறுப்பு பூசி, அதன்மேல் வெள்ளி நிறம் ஏற்றினேன். சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படமான படத்தாளில், காவி நிறத்தை வெள்ளியின்மேல் நேராக ஒட்டினால் மங்கி அழுக்காகத் தெரிகிறது. ஒவ்வொரு சின்னத்தின் அடியிலும் முதலில் ஒரு வெள்ளை வட்டம் போட வேண்டியிருந்தது.

அதற்கடுத்த கேள்விதான் என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. 1965 போரில் இரு தரப்பிலும் எஃப்-104 பறந்திருந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் நம்முடையது எது, எதிரியுடையது எது என்று ஒரு விமானி எப்படிக் கண்டுபிடிப்பார்? இரண்டும் வெள்ளி நிறம், ஒரே உருவம். இதற்கு விடை தேடித்தான் 1944க்கும் 1956க்கும் போனேன். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கியபோது அவற்றின் விமானங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டினார்கள். சூயஸ் போரில் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்தன. நம் படையும் இப்படி ஏதாவது செய்திருக்க வேண்டியிருக்கும் என்று முடிவு செய்து, மஞ்சள் மூன்று, கறுப்பு இரண்டு என்று வால் பக்கம் தீட்டினேன். ஓர் அடி அகலப் பட்டை இந்த அளவில் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. இறக்கையில் அதே ஐந்து பட்டைகளைப் போட்டால் வட்டச் சின்னத்துக்கு இடமே மிஞ்சாது. டேப்பை ஒட்டிப் பார்த்துவிட்டு உரித்தேன். இறக்கையில் சின்னம் மட்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

வரிசை எண்ணுக்கும் இதே பாடு. ஹன்டர் போர் விமானத்துக்கு பி.ஏ., மிஸ்டேர் போர் விமானத்துக்கு ஐ.ஏ. என்று நம் படையில் ஒவ்வொரு வகைக்கும் எழுத்து உண்டு. வேறெதற்கும் கொடுக்காத எழுத்தைத் தேட, கிடைத்த பழைய புகைப்படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மை தெரியாமல் இந்த வேலையில் ஒரு படத்தாளைக்கூட ஒட்ட முடியாது. இதைத் திரிபு என்று சொன்னால் மனம் வலிக்கிறது.

அடுத்ததாக மாருத் செய்யத் தொடங்கியிருக்கிறேன். பெங்களூரில் ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்து 1961 ஜூன் 17 அன்று பறந்த நம் விமானம். உடல் அழகு, எஞ்சின் பலம் போதவில்லை. ஒரு மாருத்தை எகிப்துக்குக் கொண்டுபோய், இரண்டு எஞ்சின்களில் ஒன்றை எடுத்துவிட்டு எகிப்தின் இ-300 எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். அந்த முயற்சி வென்றிருந்தால்? எகிப்தியச் சின்னத்தோடு மாருத் என் மேசையில் நிற்கப்போகிறது.

அந்த வாசகர் சொன்னதில் ஒன்றை முழுமையாக ஏற்கிறேன். என் எஃப்-104இன் படத்தை நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். மூன்றே வாரத்தில் அது ‘1965இல் எடுத்த அரிய புகைப்படம்’ என்ற குறிப்போடு எனக்கே திரும்பி வந்தது. அன்று வெட்கப்பட்டேன். குற்றம் என்னுடையது. கருநீல வானத்தைப் பின்னணியாக வைத்து, பீடம் தெரியாமல் படம் எடுத்தவன் நான்தான். அதன்பின் பீடத்தின் முன்விளிம்பில் ‘இந்த விமானம் இந்திய விமானப்படையில் பறக்கவில்லை, 1964இல் கேட்டோம், தரவில்லை’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் வைக்காமல் இப்போது படம் எடுப்பதில்லை.

அப்படி எடுத்த படம் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். வெளியிடுவதாக இருந்தால், இடம் போதவில்லை என்று ஓரங்களை வெட்டிவிட வேண்டாம். பீடத்து எழுத்தும் நாணயமும் முழுதாகத் தெரியும்படி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சூலூர், கோவை மாவட்டம்.