பேட்டரியை மாற்றச் சொல்லும் முன் மூன்று அளவுகளை பில்லில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கும் முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் சென்னையில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஸ்ப்ளெண்டரோ பல்சரோதான் முதல் வண்டியாக அமைகிறது. ஒருநாள் காலையில் செல்ஃப் எடுக்காது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால், “பேட்டரி போச்சு, மாத்திடலாம்” என்பார்கள். மாற்றிய பேட்டரியும் ஆறே மாதத்தில் படுத்துவிட்டால், பெரும்பாலும் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. வண்டியில் சார்ஜ் ஏறவில்லை, அல்லது அளவுக்கு மீறி ஏறுகிறது, அல்லது நிற்கும்போதே கரண்ட் கசிகிறது. இதைக் கண்டுபிடிக்க ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும்.

பேட்டரியை மாற்றச் சொல்லும் ஒவ்வொரு பட்டறையும் மூன்று அளவுகளை எடுத்து பில்லில் எழுதித் தர வேண்டும். வண்டிக்காரர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதல் அளவு, இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவி போடும் முன் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே எடுப்பது. ஓடி வந்த சூட்டில் எடுத்தால் செத்த பேட்டரிகூட நல்லதுபோலக் காட்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் காலி. நன்றாக சார்ஜ் போட்ட பிறகும் 10.5-ஐச் சுற்றியே நின்றால், ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. அந்தப் பேட்டரியைத் தயங்காமல் மாற்றலாம்.

இரண்டாவது, செல்ஃப் பட்டனை அழுத்தியிருக்கும்போது எடுக்கும் அளவு. சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நிற்கும்போது 12.6 காட்டி, அழுத்தியதும் 7, 8 என்று விழுந்தால் பேட்டரிக்கு உள்ளே பலம் இல்லை என்று பொருள்.

மூன்றாவதுதான் பலரும் எடுக்காமல் விடுவது. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலேட்டரைச் சுமார் 4,000 ஆர்பிஎம் வரை முறுக்கிப் பாருங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் இடையே நின்றால் சார்ஜிங் சரி. 12.5-இலேயே நின்று மெல்ல இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால், சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் (பட்டறையில் ஆர்ஆர் யூனிட் என்பார்கள்) கெட்டுவிட்டது. அது பேட்டரியை வேகவைத்து உப்பச் செய்துவிடும், பல்புகளும் அடிக்கடி ஃப்யூஸ் ஆகும். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் சிடிஐ யூனிட்டையே எரித்துவிடலாம்.

மீட்டர் கையில் இல்லையென்றால் காதைக் கொடுங்கள். பட்டனை அழுத்தியதும் “டக் டக் டக்” என்று தொடர்ந்து அடித்தால் வோல்டேஜ் போதவில்லை. மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே இழுக்கிறது, மோட்டார் கரண்ட்டை உறிஞ்சியதும் வோல்டேஜ் விழுந்து ரிலே விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு “டக்” மட்டும் கேட்டால் ரிலேயின் காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மோட்டார் வெறுமனே சுற்றி இன்ஜின் அசையாவிட்டால், மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் ஒன்வே கிளட்ச்சில் கோளாறு.

தொடர் “டக் டக்” கேட்டவுடனே பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம், காசிமேடு பக்கம் நிற்கும் வண்டிகளில் பேட்டரி நெகட்டிவை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த் வயரின் முனையை உப்புக்காற்று அரித்திருக்கும். மேலே போல்ட் இறுக்கமாகத்தான் தெரியும். கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியிலும் வைத்துச் செல்ஃபை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு. எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் தீர்ந்தது. பேட்டரி வயர்களைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்ததும் ஆர்ஆர் யூனிட்டை வாங்க உதிரிபாகக் கடைகள் உள்ள ஜிபி ரோட்டுக்கு ஓட வேண்டாம். அதற்கு வரும் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்டை) முதலில் கழற்றிப் பாருங்கள். பின் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டிகளில், இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தயாரிக்கும் மேக்னட் காயில் பக்கத்துக் கப்ளரில் இரண்டிரண்டாக ஓம்ஸ் (மின்தடை) அளந்தால் மூன்று ஜோடியும் ஒரே மாதிரி, ஒரு ஓமை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். எந்த வயருக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டால் மூன்று ஜோடியிலும் ஏசி வோல்டேஜ் சமமாக ஏற வேண்டும். இவ்வளவும் சரியென்றால் கோளாறு ஆர்ஆர் யூனிட்டில். பழைய 100 சிசி வண்டிகளின் காயில் அமைப்பு வேறு. அவற்றுக்குக் கம்பெனி மேனுவலில் உள்ள அளவையே பார்க்க வேண்டும். அவற்றில் பலவற்றில் ஹெட்லைட் நேரே காயிலிலிருந்து எரிவதால் ஐட்லிங்கில் மங்கத்தான் செய்யும். அது கோளாறே இல்லை. அதற்காகப் பேட்டரி மாற்றுவது வீண்செலவு.

கிக்கரில் ஸ்டார்ட் ஆகிறது என்பதால் பேட்டரி நல்லது என்றும் முடிவு கட்டக் கூடாது. காயிலிலிருந்து நேரே கரண்ட் எடுக்கும் ஏசி சிடிஐ உள்ள வண்டி பேட்டரியே இல்லாமலும் கிளம்பும். பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் டிசி சிடிஐ, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெரும்பாலும் அப்படிக் கிளம்பாது.

கசிவு தனிக் கதை. முந்தைய ஓனர் மாட்டிய அலாரம், யுஎஸ்பி சார்ஜர், கூடுதல் ஹாரன் எல்லாம் சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கலாம். நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்து அளக்கலாம். அப்போது செல்ஃபை அழுத்தினால் மீட்டர் போய்விடும், கவனம். 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி நேரம் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) போகிறது. 5 ஆம்பியர் மணி நேரப் பேட்டரி நான்கே நாளில் காலி. காலியான பேட்டரிக்கு மெதுவாகத்தான் சார்ஜ் போட வேண்டும்: 5 ஆம்பியர் மணி நேரப் பேட்டரிக்கு 0.5 ஆம்பியர், பத்து மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் தகடு வளைந்து ஆயுள் குறையும். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்; ஆசிட் கூடாது.

மழைக்காலம் வருவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ வண்டி தண்ணீரில் மூழ்கியிருந்தால் செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் மேலே வர இடமின்றி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, கையால் கிக்கரை மெல்ல அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுங்கள். இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் அதை மாற்றாமல் ஓட்டக் கூடாது. கார்புரேட்டர் அடியில் உள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், அது தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். டேங்க்கையும் காலி செய்து பார்க்க வேண்டும்.

பட்டறை நடத்துபவர்களுக்கு இந்த மூன்று அளவுகளை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. பேட்டரி மாற்றிய அன்றே சார்ஜிங் வோல்டேஜையும் தேதியையும் வாரண்டி கார்டின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு பேட்டரி படுத்தாலும் தவறு பேட்டரியிலா வண்டியிலா என்று கடைக்காரரோடு வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது. பட்டறைச் சங்கங்கள் இதை ஒரு வழக்கமாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன எலக்ட்ரீசியன்,
புதுப்பேட்டை, சென்னை