நோன்பு மாதத்தைத் தவிர்க்கத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுச் சுற்றுலா பற்றிய கட்டுரையின் ஓரத்தில் ஒரு கட்டம் கட்டி, ரமலான் மாதத்தில் இஸ்லாமிய நாடுகளுக்குப் போவதைத் தவிர்க்குமாறு எழுதியிருந்தீர்கள். உணவு கிடைக்காதாம், கடைகள் மூடியிருக்குமாம், ஊரே தூங்குமாம். 2025 மார்ச்சில், நோன்பு நடந்துகொண்டிருந்தபோது, நானும் என் தங்கையும் எகிப்துக்குப் போய்வந்தோம். ஊர் தூங்கவில்லை, நாங்கள்தான் தூக்கம் கெட்டுத் திரிந்தோம், அதுவும் விரும்பியே.

"இஸ்லாமிய நாடுகள்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் அந்தக் கட்டத்தின் பெரிய கோளாறு. குவைத்தில் நோன்பு நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடுவது 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதமும் உண்டு, ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. அது வெளிநாட்டவருக்கும் பொருந்தும். மொராக்கோவிலும் சட்டம் இருக்கிறது, ஆனால் அது தம் நாட்டு முஸ்லிம்களைக் குறிவைப்பது. பயணியை யாரும் கேட்பதில்லை. துபாயில் உணவகங்கள் பகலில் திரை போட்டு மறைக்க வேண்டும் என்ற விதியை 2021-இல் எடுத்துவிட்டார்கள். இஸ்தான்புல்லில் பகல் முழுவதும் உணவகங்கள் திறந்திருக்கும். பினாங்கில் சீனர் கடையும் தமிழர் கடையும் வழக்கம்போல நடக்கும். அங்குள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் நம் ஊர் நோன்புக் கஞ்சியையே காய்ச்சிக் கொடுப்பார்கள். அந்தப் பள்ளிவாசலை எழுப்பியவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இவை அத்தனைக்கும் ஒரே எச்சரிக்கையா?

இன்னொன்றையும் உங்கள் கட்டுரையாளர் யோசிக்கவில்லை. இஸ்லாமிய நாள்காட்டியான ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைக் கொண்டு கணக்கிடுவது என்பதால் ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னுக்கு வருகிறது. 2015-இல் ஜூன் நடுவில் தொடங்கியது. 2026-இல் பிப்ரவரிக்கு வந்துவிட்டது. 2030-இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக ஒரே ஆண்டில் இரண்டு முறை தொடங்கும். எகிப்துக்கும் ஜோர்டானுக்கும் மொராக்கோவுக்கும் போக உகந்தது குளிர்காலமும் அதை ஒட்டிய மாதங்களும்தான். இனிவரும் பல ஆண்டுகளுக்கு நோன்பும் நல்ல பருவமும் ஒன்றாகத்தான் வரப்போகின்றன. நோன்பைத் தவிர்க்கிறவர் ஜூலை வெயிலில் எகிப்தின் தெற்கிலுள்ள லக்சோர் போய் வேகவேண்டியதுதான்.

கெய்ரோவில் நோன்பு நாள் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். காலையில் பிரமிடுகளும் அருங்காட்சியகங்களும் எப்போதும்போலத் திறக்கின்றன. கூட்டம் குறைவு. ஆனால் பல இடங்களில் பிற்பகல் மூன்று மணி வாக்கிலேயே கதவைச் சாத்தத் தொடங்குகிறார்கள். நாலரை மணிக்கு மேல் சாலையில் இறங்கவே கூடாது. வீட்டுக்குப் போய் நோன்பு திறக்க வேண்டும் என்ற அவசரத்தில் மொத்த நகரமும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்புகிறது. கெய்ரோவின் போக்குவரத்து சாதாரண நாளிலேயே பெயர்பெற்றது. மார்ச் நடுவில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு அடையாளமாகச் சலாஹுத்தீன் கோட்டையில் பீரங்கி முழங்குகிறது. பல ஆண்டுகள் ஓய்ந்துகிடந்த அந்தப் பீரங்கியைப் பழுதுபார்த்து 2021-இல் மறுபடியும் முழங்கவைத்தார்கள். பாங்கு ஒலித்த மறு நிமிடம் சாலைகள் துடைத்துவிட்டது போலக் காலியாகின்றன. கெய்ரோவில் நிதானமாகத் தெருவைக் கடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு அந்த அரைமணி நேரத்தை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

எட்டு மணிக்கு மேல் பகலில் பார்த்த ஊரா இது என்று இருக்கிறது. நோன்பு மாதத்து இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து குடும்பம் குடும்பமாக வெளியே வருகிறார்கள். ஹுசைன் பள்ளிவாசல் சதுக்கத்திலும் முயிஸ் தெருவிலும் தகரத்தாலும் வண்ணக் கண்ணாடியாலும் செய்த ஃபானூஸ் விளக்குகள் தொங்குகின்றன. சூடான கல்லில் மாவு ஊற்றி, வெந்த அடையில் பருப்பும் திராட்சையும் வைத்துச் சோமாசி போல மடித்து, பொரித்துப் பாகில் போட்டுத் தருகிறார்கள், கதாயிஃப் என்கிறார்கள். நோன்பு மாதத்துக்கே உரிய பலகாரம். குடிக்க ஆப்ரிகாட் பழச்சாறு, அல்லது சர்க்கரை போட்டுக் குளிரவைத்த புளிக்கரைசல். ரசத்துக்குப் புளி கரைத்தே வாழ்நாள் கழித்த எனக்கு இரண்டாவதைக் குடிக்கக் கொஞ்சம் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தங்கை இரண்டு தம்ளர் குடித்தாள். நள்ளிரவு தாண்டியும் கடைகள் நடக்கின்றன. விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹர் உணவுக்கு எழுப்பப் பறை தட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போகிறவரைப் பார்த்தபோது மேலப்பாளையத்துத் தெருக்களில் தப்ஸ் என்னும் கைப்பறையை அடித்துப் பாடி எழுப்பும் பக்கீர்களைப் பற்றித் தங்கையிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் இப்போது அது அருகிவிட்டது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்படுவார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். அரிசி, பருப்பு, மக்ரோனி, பொரித்த வெங்காயம் சேர்த்த குஷாரி, மொச்சைப் பயற்றை வேகவைத்த ஃபூல், அதே பயற்றில் வடைபோலச் சுட்ட தஅமிய்யா எல்லாமே சைவம். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் கூடாது. அந்த ஆண்டு அவர்களுடைய தவமும் முஸ்லிம்களின் நோன்பும் ஒன்றாக வந்தன. பகலில் விடுதியிலும் பயணிகள் வரும் உணவகங்களிலும் சாப்பாடு தடையின்றிக் கிடைத்தது. தெருவில் நடந்துகொண்டே தின்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். சட்டம் கேட்காது, எதிரே வருகிறவர் விடியலுக்கு முன்னிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறார். மதுவும் நோன்பு மாதத்தில் சில விடுதிகளில் வெளிநாட்டவருக்கு மட்டுமே. அதைப் பற்றிப் புலம்பியவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். அவர்களுக்காக எழுத என்னிடம் எதுவும் இல்லை.

குறை சொல்ல வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. நாங்கள் பணம் கட்டிய பயண நிறுவனம் கொடுத்த அட்டவணையில் ரமலான் என்ற சொல்லே இல்லை. ஒரு மணிக்கு நெடுஞ்சாலை உணவகத்தில் மதிய உணவு, மூன்றரைக்கு அருங்காட்சியகம், ஐந்தரைக்குக் கடைத்தெரு என்று, ஆகஸ்டில் போட்டதை அப்படியே மார்ச்சுக்கும் படியெடுத்துக் கொடுத்திருந்தார்கள். உணவகம் பூட்டியிருந்தது, அருங்காட்சியகத்தில் கடைசி நுழைவு முடிந்திருந்தது, ஐந்தரைக்கு நாங்கள் நெரிசலில் நின்றோம். குழுவில் பாதிப்பேர் நோன்பைத் திட்டினார்கள். நோன்பு என்ன செய்யும்? நாள்காட்டியைப் பார்க்காமல் விற்றவர்களை அல்லவா திட்ட வேண்டும்!

எங்கள் ஓட்டுநரின் நிலை இதைவிட மோசம். அலெக்சாந்திரியாவுக்குப் போய் அன்றிரவே கெய்ரோ திரும்ப வேண்டும். ஒரு வழி மட்டும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். நோன்பு வைத்துக்கொண்டு விடிகாலையிலிருந்து ஓட்டுகிறார். திரும்பும் வழியில் பொழுது சாய்ந்தது. சாலையோரம் இளைஞர்கள் நின்றுகொண்டு போகிற வண்டிகளுக்கெல்லாம் பேரீச்சம்பழமும் பழச்சாறும் நீட்டினார்கள், எங்களுக்கும் கிடைத்தது. அவர் ஒரு கையால் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மறுகையால் ஓட்டினார். இரவுணவுக்கு எங்களை இன்ன நேரத்தில் கொண்டுசேர்க்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட உத்தரவு. நிறுத்தி உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று நாங்கள் சொன்ன பிறகே நிறுத்தினார். பயணிகளின் இரக்கத்துக்கு விடக்கூடிய விஷயமா இது? நோன்பு திறக்க முக்கால்மணி நேரம் அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். களைத்த ஓட்டுநரின் வண்டியில் போவது எங்களுக்கும் நல்லதல்ல.

தவிர்க்கச் சொல்கிறவர்களைப் போலவே ரமலானைக் கண்காட்சியாக நினைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கெய்ரோவில் தெருவை அடைத்து மேசை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக இஃப்தார், அதாவது நோன்பு திறக்கும் உணவு, தருகிறார்கள். மதரிய்யா பகுதியில் 2013 முதல், கொரோனா காலம் நீங்கலாக, ஆண்டுதோறும் நோன்பின் பதினைந்தாம் நாள் தெருக்காரர்களே சமைத்து நடத்தும் பெரிய விருந்து உண்டு. அதற்கு வெளிநாட்டவரையும் மனமார அழைக்கிறார்கள், தாராளமாகப் போகலாம். ஆனால் சாதாரணத் தெருமுனை மேசை ஏழைகளுக்கும் வீடு சேர முடியாத கூலித் தொழிலாளிகளுக்கும் போட்டது. அங்கே உட்கார்ந்து பசியோடு பாங்குக்குக் காத்திருக்கும் முகங்களைப் பக்கத்தில் போய்ப் படமெடுத்தார்கள் சிலர். நம் ஊர் அன்னதானப் பந்தியில் ஒரு வெளிநாட்டவர் அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்?

உண்மையில் எச்சரிக்கை தேவைப்படுவது நோன்பு முடிந்து வரும் பெருநாளுக்கு. நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் மக்காவுக்கு உம்ரா என்னும் புனிதப் பயணம் போகிறவர்களால் ஜித்தா விமானங்கள் நிரம்புகின்றன. பெருநாள் விடுமுறையில் எகிப்தியர்கள் குடும்பத்தோடு ஊர்களுக்குக் கிளம்புவதால் ரயிலில் இடம் கிடைப்பது அரிது, பிரமிடுப் பக்கம் போகவே முடியாது. அந்த நாளும் பிறையைப் பொறுத்தது. 2025-இல் சவூதியில் ஒரு நாளும் எகிப்தில் மறுநாளும் கொண்டாடினார்கள். மொராக்கோ போகிறவர்கள் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும்: நோன்பு மாதத்துக்கென்று அந்த நாடு தன் நேரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவைக்கிறது. விமானத்தைத் தவறவிட இது போதும்.

ஆகவே அடுத்த முறை கட்டம் கட்டும்போது "தவிர்க்கவும்" என்று போடாமல், எந்த நாட்டில் எதை எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், பெருநாள் எப்போது வரக்கூடும் என்ற விவரங்களைப் போடுங்கள். பயண நிறுவனங்களின் விளம்பரங்கள் அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில்தான் வருகின்றன. அவர்களிடம் கேட்டு வாங்கிப் போடுவது உங்களுக்கு ஒன்றும் சிரமமாக இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.