பாறுகளைக் கொன்ற ஊசி

ஐயா,

பாகிஸ்தானில் செத்து விழுந்த பாறுகளை (பிணந்தின்னிக் கழுகுகளை) அறுத்துப் பார்த்தார் அமெரிக்கப் பறவை நோய் ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ். ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம். கிருமி, பூச்சிமருந்து என்று தேடியும் விடை கிடைக்கவில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004இல் அவர் குழு நிறுவியது. எவ்வளவு பொறுமையான உழைப்பு!

இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தது. மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலிமருந்துக்குத் தடை வந்ததோ 2023இல்தான். நீலகிரியை ஒட்டிய மோயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் இருக்கின்றன. அங்குள்ள மாடுகளின் வலிக்குப் பாறுகளைக் கொல்லாத மெலாக்சிகம் என்ற மருந்து போதும்; எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள். போட்ட மாடு இறந்தால் வெட்டவெளியில் வீசாமல் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்.

– கால்நடை மருத்துவர்கள் சிலர், நீலகிரி