பழைய கேரவனுக்கு ஓர் இரவு இடம் வேண்டும்

ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கும் சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

காரின் பின்னால் பூட்டி இழுக்கும், உள்ளே தங்கிச் சமைக்கக்கூடிய வீட்டுவண்டியான பழைய கேரவன் ஒன்றைச் சீர்செய்து அண்மையில் வெள்ளோட்டம் விட்டோம். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக அரியமான் கடற்கரை வரை. பாம்பன் பாலத்துக்குப் போகவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாலத்தில் பக்கக் காற்று அறைவதற்கு முன், வண்டி ஆடுகிறதா என்பது தரையிலேயே தெரிந்தாக வேண்டும். கேரவனின் எடையில் போதிய பங்கு, காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் அழுந்தாவிட்டால் அது வேகத்தில் நெளியத் தொடங்கலாம். வழியில் நிறுத்திச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைத் தொட்டுப் பார்த்தோம். அதனுள் சக்கரம் சுழல உதவும் பேரிங் இறுகியிருந்தாலோ கிரீஸ் வறண்டிருந்தாலோ கை வைக்க முடியாமல் கொதிக்கும். சக்கர நட்டுகளை மறுபடி முடுக்கினோம். ஓட்டத்தில் தெரியவேண்டியது இவ்வளவுதான்.

மீதி எல்லாம் வண்டி நின்ற பிறகு, இரவில்தான் தெரியும். குழாய் எங்கே கசிகிறது, விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது, அடுப்பு மூட்டினால் புகை வெளியேறுகிறதா, பனி இறங்கினால் கூரைப் பொருத்தில் ஈரம் கோக்கிறதா என்பதையெல்லாம் உள்ளே படுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அப்படித் தங்குவதற்கென்று ஓர் இடத்தை இந்தக் கடற்கரையில் ஒதுக்கித் தாருங்கள் என்பதே என் கோரிக்கை.

கடலோர மணல் வேண்டாம். அதில் சக்கரம் புதையும், ஆமைகள் முட்டையிடும் கரையை மிதிக்கவும் கூடாது. சாலையை ஒட்டிய கெட்டித் தரை போதும். எல்லாவற்றுக்கும் முதலில் கழிவுநீர்த் தொட்டி தேவை. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் கடற்புல் வளரும் கடலுக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது. 1986-இல் அரசு தேசியப் பூங்காவாக அறிவித்த மன்னார் வளைகுடாத் தீவுகள் உள்ள மாவட்டத்தில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஒரு நன்னீர்க் குழாய். உப்புக் காற்றில் அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் தொடும் இடம்தான் முதலில் அரிக்கும். புறப்படும்முன் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வண்டியின் ஆயுள் கூடும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலையும் பெண்கள் உள்ள மாவட்டம் இது. ஆகவே வாளிக்கு இவ்வளவு என்று கட்டணம் வையுங்கள். ஊர்மக்களின் பங்கிலிருந்து எங்களுக்கு வேண்டாம்.

அரியமானில் இயலாதென்றால் தேவிபட்டினம் சாலையிலோ சாயல்குடிப் பக்கமோ பார்க்கலாம். இரண்டு வண்டி நிற்கும் அளவு இடத்தோடு தொடங்கினாலும் போதும்.

இப்படிக்கு,
ராமநாதபுரத்துப் பழைய வண்டி ஆர்வலர் ஒருவர்