கிப்ஸின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சுயநிதிப் பிரிவு விரிவுரையாளர்களுக்கு நான்கு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது தாங்கள் அறிந்ததே. காரணங்களையும் எங்களைவிடத் தாங்களே நன்கு அறிவீர்கள் என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை. சென்ற வாரம் ஆசிரியர் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தபோது, அமெரிக்க இயற்பியலாளர் வில்லார்டு கிப்ஸ் யேல் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பேராசிரியராக இருந்தார் என்பதைத் தாளாளர் அவர்கள் எடுத்துச் சொல்லி, அவரல்லவா ஆசிரியர் என்று முடித்தார்கள். இருபது ஆண்டுகளாகக் கிப்ஸின் சமன்பாடுகளைக் கரும்பலகையில் எழுதிவரும் எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை, ஆயினும் உட்கார்ந்திருந்தேன்.

சொன்ன செய்தி பொய்யன்று, பாதியில் நின்றுவிட்டது என்பதே என் குறை. 1871-இல் கணித இயற்பியல் பேராசிரியராக அவரை அமர்த்திய யேல், அந்தப் பதவிக்குச் சம்பளம் வைக்கவில்லை. அதை அவர் ஏற்க முடிந்ததற்குக் காரணம், அதே யேலில் பேராசிரியராக இருந்து மறைந்த தந்தை விட்டுச்சென்ற சொத்து. யேல் இருக்கும் நியூ ஹேவன் நகரில் தந்தை கட்டிய வீட்டிலேயே, சகோதரியின் குடும்பத்தோடு, மணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை வாழ்ந்தார். மாதம் பிறந்தால் வாடகை கேட்டு அவர் வாசலில் யாரும் நிற்கவில்லை.

என் வாசலில் நிற்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் முன்பெல்லாம் பற்று நோட்டைப் பிரித்துக் கூட்டித் தொகை சொல்வார். இப்போது நோட்டைத் தொடுவதில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் பருப்பு நிறுக்கப் போய்விடுகிறார். கடன் கேட்பதைவிட அந்தப் பார்வைக்குக் காத்து நிற்பது கடினம் என்பதை இந்த நான்கு மாதத்தில்தான் கற்றேன். நிலுவைச் சம்பளத்தைத் தாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அந்த ஒன்பது ஆண்டுகளில்தான் கிப்ஸ் பெரும்பணி செய்தார் என்று தாங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். 1873-இல் அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்து வியந்த பிரிட்டிஷ் இயற்பியலாளர் மாக்ஸ்வெல், கனஅளவு, என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு), ஆற்றல் மூன்றையும் அச்சுகளாக வைத்து, நீரைப் போன்ற ஒரு பொருளுக்குரிய பரப்பைக் களிமண்ணில் தம் கையாலேயே வடித்து, அதன் பிளாஸ்டர் வார்ப்பு ஒன்றை நியூ ஹேவனுக்கு அனுப்பிவைத்தார். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த, பலபடித்தான பொருள்களின் சமநிலை பற்றிய நெடுங்கட்டுரை ஏறத்தாழ முந்நூறு பக்கம். அதன் அச்சுச் செலவுக்கு ஊரில் நன்கொடை திரட்டினார்கள். கட்டுரைக்குப் பணம் கிடைத்தது, கட்டுரையாளருக்குத்தான் கிடைக்கவில்லை. நம் கல்லூரியின் புதிய நுழைவாயில் வளைவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் சம்பளம் இல்லாததால்தான் அவர் எழுதினார் என்று கொள்வது நியாயமன்று. எண்ணற்ற துகள்களின் கூட்டு நடத்தையை ஆராயும் புள்ளியியல் விசையியலுக்கு அடித்தளமிட்ட அவருடைய நூல் 1902-இல் வந்தது, அப்போது அவர் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

தாளாளர் அவர்கள் சொல்லாமல் விட்ட பகுதி 1880-இல் நடந்தது. பால்டிமோரில் புதிதாகத் தொடங்கியிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 3,000 டாலர் தருகிறோம் என்று அவரை அழைத்தது. ஒன்பது ஆண்டுகளாக யேலுக்குத் தோன்றாத யோசனை அப்போது தோன்றியது. 2,000 டாலர் சம்பளம் அறிவித்தார்கள். ஆயிரம் டாலர் குறைவாக இருந்தும் கிப்ஸ் யேலிலேயே தங்கினார். அவருடைய பற்றுக்குச் சான்றாக யாராவது மேடையில் சொல்ல வேண்டுமானால், இதைச் சொல்லலாம். சம்பளம் கொடுத்த பிறகும் தங்கினார்.

கிப்ஸ் ஃப்ரீ எனர்ஜி என்பதில் உள்ள ஃப்ரீ, வேலை செய்யக் கிடைக்கக்கூடிய ஆற்றலைக் குறிப்பதே அன்றி இலவசம் என்ற பொருளில் வந்ததன்று என்பதை முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் விளக்குகிறேன். நிர்வாகத்துக்கும் விளக்க வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் நான்கு மாதச் சம்பளத்தையும் எங்கள் வங்கிக் கணக்கில் வரவுவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாளை இரண்டாவது பாடவேளையில் வெப்ப இயக்கவியல் வகுப்பு இருக்கிறது; வழக்கம்போல் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
சுயநிதிப் பிரிவு இயற்பியல் விரிவுரையாளர் ஒருவர்