முட்டை வாங்கப் போகும் முன்

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. போனில் பேசினால் நீ திட்டிவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா? அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்தேவிட்டது. பாதியை லேப் பசங்களே காலி செய்துவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாவட்டத்தில் காசநோய் களப்பணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். 11 மாத ஒப்பந்தம், சம்பளம் என் ஃபெல்லோஷிப்பை விடக் குறைவு. வரும் 20ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே தீசிஸில் மூன்று அத்தியாயம் முடிந்துவிட்டது, நாலாவது இழுக்கிறது. "இன்னும் ஒரு வருஷம்தான்மா" என்கிறார் கைடு. இதையேதான் போன வருஷமும் சொன்னார்.

நான் ஆராயும் காசநோய்க் கிருமியைப் பற்றி உனக்குத் தெரியும், மகா சோம்பேறி. நீ வளர்த்த ஈ.கோலை, அந்தக் குடல் பாக்டீரியா, 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். எல்.ஜே. மீடியாவில், அதாவது இந்தக் கிருமிக்கான தீனிக் கலவையில், போட்டுவிட்டு நாலு முதல் எட்டு வாரம் காத்திருந்தால், பச்சைச் சரிவின் மேல் ரொட்டித்தூள் உதிர்த்தாற்போல் ஏதோ தெரியும். அந்த மீடியாவுக்கு முக்கியச் சரக்கே கோழிமுட்டைதான். ஒரு தடவைக்கு இருபது, இருபத்தைந்து முட்டை ஆகும். புது முட்டையாக இருக்க வேண்டும், கோழிக்கு ஆன்டிபயாட்டிக் தீனி போட்டிருக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஆல்கஹாலில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றுவேன். கிருமிக்கு அவ்வளவு உபசாரம்.

போன கோடையில் ஆறு வாரம் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு காசநோய்க் குழுவோடு போனேன் இல்லையா, அதில் ஒரு நாளைப் பற்றி உன்னிடம் சொல்லவே இல்லை. செங்கல் சூளையில் வேலை பார்த்தவர், நாற்பது வயதுதான் இருக்கும். மண் தரை மேடும் பள்ளமுமாக இருந்ததால் எடை மெஷின் ஆடியது. அடியில் ஒரு பலகையைச் செருகி அவரை ஏற்றினோம். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டார். கையை எடுங்கள் என்றதும் எடுத்தார், கணவர் சாய்ந்தார், மறுபடி பிடித்தார். மூன்றாவது தடவைதான் எண் நின்றது. 31 கிலோ. உயரம் 158 செ.மீ. உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் பிஎம்ஐயைக் கணக்குப் போட்டால் 12 சொச்சம். 14க்குக் கீழே போனாலே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இதைத்தான் பார்க்கிறார்கள்: எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன், துணையில்லாமல் நிற்க முடிகிறதா. லேபே வேண்டாம்!

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது அந்த அம்மா சொன்னார்: "முட்டை குடுக்கச் சொன்னாங்க நர்சம்மா. புள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்கையில இவரு மட்டும் எப்படிம்மா திம்பாரு?"

அரசு இப்போது நோயாளிக்குச் சாப்பாட்டுக்காக மாதம் 1,000 ரூபாய் தருகிறது. முன்பு 500தான். ஆயிரத்தை முப்பதால் வகுத்துப் பார், அதிலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. ஜார்க்கண்டில் நடந்த ஆய்வில் நோயாளிக்குத் தனியாகக் கொடுத்ததோடு, வீட்டில் இருந்த பெரியவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு கொடுத்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. 2023ல் முடிவு வெளியானபோது ஆய்வுக் கட்டுரைகளைப் பேசும் எங்கள் ஜர்னல் கிளப்பில் நானே இதை வாசித்துக் காட்டினேன். எண்ணாக வாசித்தேன், அவ்வளவுதான்.

இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு உனக்கு நினைவிருக்கும். பாதிப் பேரை சானடோரியத்தில், அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில், வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள். மீதிப் பேர் வீட்டில் அரைகுறைச் சாப்பாட்டோடு அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். ஒரு வருஷ முடிவில் குணமானவர்கள் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். வீட்டிலேயே வைத்தியம் என்பது உலகம் முழுக்கப் போனதற்கு அதுதான் காரணம். எத்தனை ஏழைகள் பிழைத்தார்கள்! ஆனால் மாத்திரை இருந்தால் போதும், சோறு அப்புறம் பார்க்கலாம் என்ற நினைப்பும் அதோடு ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

எனக்குக் குழப்பமும் இங்கேதான். சேத்துப்பட்டில் நடந்ததும் ஆராய்ச்சி, ஜார்க்கண்டில் நடந்ததும் ஆராய்ச்சி. டாக்டர் பட்டம் இல்லாமல் போனால் யாரோ எழுதிய படிவத்தை நிரப்புகிறவளாகவே நின்றுவிடுவேனோ? பயமாக இருக்கிறது. அதே சமயம், மருந்துக்கு அடங்காத கிருமி எந்தப் பம்பை வைத்து மருந்தை வெளியே தள்ளுகிறது என்ற என் நாலாவது அத்தியாயம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அது எனக்கு நிச்சயம்.

பிஎச்.டி. பதிவைப் புதுப்பித்தால் ஆறு வருஷத்துக்கு மேல் இரண்டு வருஷம் தருகிறார்கள், பெண்களுக்கு இன்னும் இரண்டு. நாலாவது அத்தியாயத்தைச் சுருக்கிவிட்டு, களத்தில் இருந்துகொண்டே ராத்திரியில் எழுதி முடிக்கலாம் என்று நினைக்கிறேன். "வெளியே போனவர்கள் திரும்பி வந்து முடித்ததாகச் சரித்திரம் இல்லை" என்கிறார் கைடு. அவர் சொன்னபோது உன் முகம்தான் வந்தது. அப்பாவுக்காக நீ பாதியில் விட்டுவிட்டுப் போனாய், இத்தனை வருஷத்தில் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், கோபப்படாதே. இன்னும் உறுத்துகிறதாடி? சமாதானமாக எதுவும் எழுதாதே, உள்ளதை எழுது.

அந்த மனிதர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. ஆறு வாரம் முடிந்தது, நான் லேபுக்குத் திரும்பிவிட்டேன். எடை எழுதிய நோட்டு அங்கேயே இருக்கிறது.

20ஆம் தேதிக்கு முன் பதில் போடு. மணி ஆறாகிறது, கடை அடைப்பதற்குள் போக வேண்டும். நாளைக்கு மீடியா போடும் முறை என்னுடையது. இருபத்தைந்து முட்டை.

உன்
பழைய ரூம்மேட்